வைஃபை வியாதிக்கு வீட்டு வைத்தியம்

மொட்டை மாடியில் ஏறி நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, “இப்போ தெரியுதா? இப்போ?” என்று கீழ்நோக்கிக் கத்திய தலைமுறை நம்முடையது. படம் தெளிந்ததும் கூடத்திலிருந்து “போதும், போதும், அப்படியே விடு!” என்று பதில் குரல் வரும். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தால் மறுபடியும் ஏற வேண்டும். ஆனாலும் அந்தக் காலத்துக் கோளாறில் ஒரு நேர்மை இருந்தது. எதைத் திருப்ப வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

இன்றைக்கு ஆன்டெனா பெட்டிக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. படமோ பாட்டோ நடுவில் நின்றுவிட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது. மறுநாள் மீண்டும் அதே கதை. முழுதாகக் கெட்டுப்போன பொருளைப் பழுதுபார்ப்பது எளிது. வந்து வந்து போகும் கோளாறைப் பிடிப்பதுதான் கடினம். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த இரண்டாவது வகையோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அதை எப்படிப் பிடித்தோம் என்பதை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கையகலப் பெட்டி

சட்டைப் பையில் அடங்கும் அளவில் இப்போது முழுக் கணினியே கிடைக்கிறது. இந்த இனத்தில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த ராஸ்பெரி பை. பள்ளிப் பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி நிரல் எழுதப் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு 2012 பிப்ரவரி 29 அன்று அது விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அதற்குள் வைஃபை கிடையாது. 2016-இல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் வைஃபை உள்ளேயே அமைந்தது. அதைத் தொடர்ந்து வேறு பல நிறுவனங்களும் இதே போன்ற பெட்டிகளைச் செய்தன.

இப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, அதில் ‘கோடி’ என்ற மென்பொருளை ஏற்றிவிட்டால் வீட்டிலுள்ள படம், பாட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் பார்க்கலாம், கேட்கலாம். 2002-இல் விளையாட்டுக் கருவி ஒன்றுக்காகத் தொடங்கிய முயற்சி அது. 2014-இல் இந்தப் பெயரைப் பெற்றது. பெயர் கோடி; விலையோ பூஜ்யம்.

எங்கள் வீட்டுப் பெட்டி கீழ்க்கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்தது. ரவுட்டர் மாடி அறையில். அதே மாடி அறையில் என் மகனின் பழைய லேப்டாப் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் அப்பா 1970-களிலும் 80-களிலும் பதிவு செய்து வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட கேசட்டுகளை அதில்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். கல்யாண வீட்டு நாதஸ்வரம், பாட்டியின் தாலாட்டு, அப்பாவே ஊர்ப் பொங்கல் விழாவில் பேசிய பேச்சு எல்லாம் அதில் உண்டு. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு வயது 83. மாலையில் விளக்கேற்றியதும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவற்றைக் கேட்பது அவர்களுடைய வழக்கம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் வட்டம் சுற்றத் தொடங்கியது. முதலில் வாரத்தில் ஒருநாள், பிறகு தினமும். ஒருநாள் அம்மா ரிமோட்டை மேசை மேல் வைத்துவிட்டு, “நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்குப்பா. இனிமே நீ இருக்கும்போது மட்டும் போட்டுக் குடு” என்றார்கள். அதற்குப் பிறகு பத்து நாள் அவர்கள் ரிமோட்டைத் தொடவேயில்லை.

இந்த வார்த்தைதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. கருவியின் கோளாறுக்கு வீட்டில் கருவியைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர் பழி ஏற்றுக்கொள்கிறார். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

யார் குற்றவாளி?

மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் ஒரு வரிசை வகுத்திருக்கிறார். முதலில் நோயைக் கண்டறிவது, அடுத்து அதன் காரணத்தை, அதன்பிறகே தணிக்கும் வழியை. நம் வீடுகளில் வைஃபை விஷயத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. “பெரிய ரவுட்டர் வாங்கு”, “பூஸ்டர் போடு” என்று முதல் நாளே மருந்து சொல்லிவிடுகிறார்கள்.

படம் தடங்கினால் சந்தேகப்பட வேண்டியவை நான்கு: வெளியிலிருந்து வரும் இணையம், ரவுட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும் சுவரும், அக்கம்பக்கத்து அலைகளின் நெரிசல், பெட்டியே. இவற்றைப் பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும், இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

முதல் சோதனை: வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பாட்டை, இணையத்தின் துணையில்லாமல், ஓட விடுங்கள். அதுவும் தடங்கினால் இணைய நிறுவனத்தார் குற்றவாளி அல்லர். அம்மா கேட்ட கேசட்டுகள் மாடியிலிருந்து கூடத்துக்குத்தான் வந்தன, தெருவைத் தாண்டவேயில்லை. ஆகவே முதல் சந்தேகம் நீங்கியது. இரண்டாவது சோதனை: நீளமான எத்தர்நெட் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, மாடிப்படி வழியாகத் தொங்கவிட்டு, ரவுட்டரையும் பெட்டியையும் நேராக இணைத்துப் பாருங்கள். நாங்கள் மூன்று நாள் அப்படி ஓட்டினோம். ஒருமுறைகூட நிற்கவில்லை. குற்றம் காற்று வழியில்தான் என்பது உறுதியாயிற்று.

அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், என்ன ஓடிக்கொண்டிருந்தது, அலையின் பலம், வீட்டில் வேறு என்ன நடந்தது என்று ஐந்து கட்டங்கள். அலையின் பலத்தைப் பெட்டியே காட்டும்; கைபேசியில் இலவசச் செயலிகளும் உண்டு. ‘டிபிஎம்’ என்ற அளவில், எதிர்மறை எண்ணாக அது வரும். மைனஸ் 50 என்றால் மிக நல்லது. மைனஸ் 67 வரை படம் ஓட்டத் தாராளம். மைனஸ் 80-ஐத் தொட்டால் திண்டாட்டம்தான்.

ஒன்பது நாள் கழித்து நோட்டைப் புரட்டியபோது ஒரு கோளாறு அல்ல, நான்கு கோளாறுகள் ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று: நீல நிறத் துளை

வெளிநாட்டிலிருக்கும் என் மகள் அனுப்பும் குழந்தைகளின் வீடியோக்கள் மாலையில் தானாக இறங்கி, பெட்டியில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கில் சேரும்படி ஏற்பாடு. நோட்டில் பார்த்தால், அந்த டிஸ்க் சுறுசுறுப்பாக வேலை செய்யும் நேரங்களில் எல்லாம் பாட்டு திக்கியிருந்தது.

இதற்குக் காரணம் உலகறிந்த ஒன்றே. யூஎஸ்பி 3.0 இணைப்பு வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் கம்பியும் செருகியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வானொலி இரைச்சலைக் கிளப்புகின்றன. பழைய வைஃபையும் கம்பியில்லா மவுசும் புளூடூத்தும் வேலை செய்வது அதே இடத்தில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்டி கையகலம், அதன் வைஃபை ஆன்டெனாவுக்கும் யூஎஸ்பி துளைக்கும் இடையே சில அங்குலம்தான். காதருகே மிக்ஸி ஓடும்போது மாடியிலிருந்து யாராவது மெல்லப் பேசினால் எப்படிக் கேட்கும்?

தீர்வு எளிது. 3.0 துளைகள் பெரும்பாலும் நீல நிறம், பழைய 2.0 துளைகள் கறுப்பு. டிஸ்க்கைக் கறுப்புத் துளைக்கு மாற்றினோம். வேகம் குறையும்தான். ஆனால் உயர்தரப் படம் ஒன்றுக்கே வினாடிக்கு 5 முதல் 10 மெகாபிட் போதும். அதற்கு 2.0 தாராளம். நீலத் துளைதான் வேண்டும் என்பவர்கள் நல்ல உறையிட்ட நீட்டுக் கம்பி வாங்கி, டிஸ்க்கை ஒரு முழமாவது தள்ளி வைக்கலாம்.

இதோடு சேர்த்து அடாப்டரையும் கவனிக்க வேண்டும். கைபேசிக்கு வந்த ஏதோ ஒரு சார்ஜரை இந்தப் பெட்டிகளுக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. டிஸ்க்கும் சேர்ந்து மின்சாரம் உறிஞ்சும்போது மின்னழுத்தம் இறங்குகிறது. ராஸ்பெரி பையில் அது ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். அந்தக் குறி வந்தால் வைஃபையை நோண்டுவதற்கு முன் அடாப்டரை மாற்றுங்கள். பசித்த வயிற்றோடு எந்தக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யாது.

இரண்டு: சுவரும் பீரோவும்

1895-இல் கொல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு காட்சி நடத்தினார். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை சுவரைத் தாண்டிப் போய் அப்பால் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தைப் பற்ற வைத்தது. மில்லிமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்ட நுண்ணலைகளை அந்தக் காலத்திலேயே ஆராய்ந்தவர் அவர். இன்று நம் வீட்டுக்குள் ஓடும் வைஃபை அந்த அலைகளின் நெருங்கிய உறவு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6.

அலை சுவரைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு சுவரும் சுங்கம் வசூலித்துக்கொண்டுதான் விடும். செங்கல் சுவர் கொஞ்சம் வாங்கும். கம்பி போட்ட கான்கிரீட் தளம் நிறைய வாங்கும். தண்ணீர்த் தொட்டியும் எஃகு பீரோவும் ஏறக்குறைய முழுவதையும் வாங்கிவிடும். எங்கள் வீட்டில் ரவுட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம், ஒரு பீரோ, அதற்கும் மேல் தொலைக்காட்சியின் உலோக முதுகு. பெட்டி அந்த முதுகின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது.

பெட்டியை எடுத்துத் தொலைக்காட்சிக்குப் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி, திறந்த தட்டில் வைத்தோம். ரவுட்டரை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து மாடிப்படி வாசலில், ஆள் உயரத்தில், சுவரில் மாட்டினோம். அலை இப்போது தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை. படிக்கட்டு வழியாக இறங்கி வரலாம். மைனஸ் 76 என்று இருந்தது மைனஸ் 63 ஆயிற்று. இந்த அளவில் 10 குறைந்தால் பலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள். இதற்கு ஆன செலவு இரண்டு ஆணிகள்.

மூன்று: குழாயடி நெரிசல்

இவ்வளவுக்குப் பிறகும் இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை தொல்லை முற்றிலும் தீரவில்லை. காரணம் எங்கள் வீட்டில் இல்லை, தெருவில் இருந்தது.

ஜீவனஹள்ளி கிழக்குப் பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியது. பெயரில் ஹள்ளி, அதாவது கிராமம். இன்றைக்கு அங்கே வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தில் கேட்கும். எங்கள் கூடத்தில் நின்று கைபேசியில் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று வைஃபை பெயர்கள். பகலில் பாதிப் பேர் வேலையில். ஏழு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பிப் படம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தெருக் குழாய்க்கு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே அலைவரிசையில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் குழாய் ஒன்றுதான். ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். வைஃபைக் கருவி பேசும் முன் காது கொடுத்துக் கேட்கிறது. யாராவது பேசினால் பொறுத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி முயல்கிறார்கள். மோதினால் காத்திருந்து மீண்டும் அனுப்பு என்ற இந்தச் சூத்திரத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலியால் கணினியோடு இணைத்த ‘அலோஹா நெட்’ அதற்கு முன்னோடி. தூரத்தில் பலவீனமாக இருக்கும் கருவி, குறுகிய வாய்க் குடத்தோடு வந்தவரைப் போல. அவர் பிடித்து முடிக்க அதிக நேரமாகும். பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் 1 முதல் 13 வரை எண்ணிட்ட சானல்கள் இருந்தாலும் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் அகலமோ 20. ஆகவே ஒன்றை ஒன்று இடிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். 3, 4, 8 என்று நடுவில் நிற்பவர்கள் இரண்டு பக்கத்து வரிசையையும் கெடுக்கிறார்கள். ஒரே சானலில் இருந்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும், முறை வைத்துப் பேசலாம். அரைகுறையாக ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் அது வெறும் இரைச்சலாகவே கேட்கும்.

கீழ்வீட்டில் கன்னடக் குடும்பம். அந்த அம்மையார் பள்ளி ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும், “நமகூ இதே ப்ராப்ளம்” என்று சிரித்தார். பக்கத்து மாடியில் உருது பேசும் பெரியவர் ஒருவர். அவருடைய பேரன்தான் அங்கே ரவுட்டருக்கு அதிகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வீட்டாரும் எங்கள் திண்ணையில் காபி குடித்துக்கொண்டே பேசி, ஆசிரியைக்கு 1, பெரியவருக்கு 6, எங்களுக்கு 11 என்று பிரித்துக்கொண்டோம். மூன்று வீட்டிலும் சானல் அகலத்தை 40-லிருந்து 20-க்குக் குறைத்தோம். அகலம் கூடினால் வேகம் கூடும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நெரிசலான தெருவில் அகலமான வண்டி சிக்கிக்கொள்ளத்தான் செய்யும். ரவுட்டர் தானாகவே சானல் தேர்ந்தெடுக்கும் வசதியையும் நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்தபோதும் அது வேறு சானலுக்குத் தாவிக்கொண்டிருந்தது நோட்டில் பதிவாகியிருந்தது.

அகன்ற சாலை

நெரிசலுக்கு உண்மையான மாற்று 5 கிகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு 2005-இல் உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 83.5 எங்கே, 605 எங்கே! சந்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை போட்டது போல. ஆனால் இந்த அலைக்குச் சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. அந்தப் பலவீனமே நகரத்தில் ஒரு வசதி. பக்கத்து வீட்டு அலையும் நம் வீட்டுக்குள் அதிகம் நுழையாது.

இதற்கு மாறுகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பெட்டிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் திறன் உண்டா என்பது. ராஸ்பெரி பை வகையில் 2018-இல் வந்த 3பி பிளஸ் முதல்தான் அது உண்டு. இரண்டாவது, பெட்டியின் அமைப்பில் நாடு ‘இந்தியா’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது. நாட்டைக் குறிக்காவிட்டால் பல பெட்டிகள் எச்சரிக்கையாகச் சில சானல்களைப் பார்க்கவே மறுத்துவிடும். மூன்றாவது, ரவுட்டரில் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் இருந்தால் பெட்டி அங்கும் இங்கும் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் பாட்டு அறுபடும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, பெட்டிக்கு 5-ஐ மட்டும் காட்டுங்கள். சானலில் 36 முதல் 48 வரை உள்ளவை, இல்லையென்றால் 149 முதல் 161 வரை உள்ளவை நல்லவை. நடுவில் இருப்பவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் இடம். ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

ரவுட்டர் படிவாசலுக்கு வந்த பிறகு எங்கள் கூடத்திலும் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டியது. பெட்டியை அதற்கு மாற்றினோம். கைபேசிகளும் மற்றவையும் 11-இலேயே நின்றன.

நான்கு: தூங்குமூஞ்சிப் பெட்டி

இன்னும் ஒரு புகார் பாக்கி. பெட்டி ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, முதலில் ஒரு பாட்டை அழுத்தும்போது மட்டும் அரை நிமிடம் முழித்தது. இது வைஃபை சிப்பின் மின்சாரச் சிக்கனம். வேலை இல்லாதபோது சிப் கண்ணயர்ந்துவிடும். ரவுட்டர் வினாடிக்கு ஏறக்குறைய பத்து முறை ‘நான் இருக்கிறேன், உனக்குத் தபால் வந்திருக்கிறது’ என்று அறிவிக்கும். சிப் அவ்வப்போது எழுந்து பார்த்துக்கொள்ளும். கைபேசியில் பேட்டரியை மிச்சப்படுத்த இது அருமையான ஏற்பாடு. சுவர் மின்சாரத்தில் ஓடும் பெட்டிக்கு இதனால் பெரிய லாபமில்லை. சில சிப்புகள் எழுந்திருக்கவே மறந்துவிடுவதும் உண்டு. அமைப்பில் வைஃபை மின்சாரச் சேமிப்பு என்ற இடத்தைத் தேடி நிறுத்திவிடுங்கள்.

அதோடு, ரவுட்டரில் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நிலையான முகவரி ஒதுக்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறி, பெட்டி பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு மீட்டர் கேபிளின் மகிமை

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேசட்டுகள் இருந்த லேப்டாப்பும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தன என்றேன் அல்லவா? இரண்டும் வைஃபையில்தான் பேசிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டு கூடத்துக்கு வர வேண்டுமானால் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு ஒருமுறை, ஆக இரண்டு முறை அதே குழாயில் வரிசை நிற்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு சிறிய கேபிளால் லேப்டாப்பை ரவுட்டரில் செருகியதும் அந்த வரிசை பாதியாகிவிட்டது. ‘ரிப்பீட்டர்’ என்று விற்கப்படும் பல கருவிகள் பலன் தராததற்கும் இதுவே காரணம். கேட்டதையே மறுபடி சொல்வதற்கு அவையும் அதே காற்றைப் பயன்படுத்துகின்றன.

இடம் மாறாத பொருளுக்குக் கம்பி. கையோடு நடமாடும் பொருளுக்குக் காற்று. இந்த ஒரு விதியைப் பின்பற்றினால் பாதித் தொல்லை தீரும். சாதாரண எத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். புது வீடு கட்டுகிறவர்கள் மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும்போதே, தொலைக்காட்சி வரும் சுவருக்குத் தனியாக ஒரு குழாய் பதித்துவிடுங்கள்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை

வரிசை இதுதான்: முதலில் வீட்டுக்குள் உள்ள பாட்டு, பிறகு இரவல் கேபிள், பிறகு நோட்டு. அடாப்டரும் டிஸ்க்கும், இடம், சானல், 5 கிகாஹெர்ட்ஸ், தூக்கம் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் பார்த்து, எழுதி வையுங்கள். ஒரே நாளில் ஐந்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. கோளாறு திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகே புதிய ரவுட்டர் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அந்த நோட்டால் இன்னொரு பயனும் விளைந்தது. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “பாரும்மா, நீங்க ரிமோட்டையே தொடாத பத்து நாள்லயும் இது நின்னிருக்கு” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைத் தாமே விரலால் தடவிப் பார்த்தார்கள். “அப்ப என் மேல தப்பில்லை” என்று ஒருமுறை சொன்னார்கள். மறுநாள் ரிமோட் அவர்கள் கைக்குத் திரும்பியது.

நம் வீடுகளில் முதியவர்கள் பலர் புதிய கருவிகளை விட்டு ஒதுங்குவது அறியாமையால் அல்ல. காரணம் தெரியாமல் வந்து போகும் கோளாறு, ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்ற எண்ணத்தை அவர்களுக்குள் விதைத்துவிடுகிறது. “எதையாவது அமுக்கினீங்களா?” என்று நாமும் முதல் கேள்வியாகக் கேட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். அடுத்த முறை உங்கள் வீட்டில் வட்டம் சுற்றும்போது அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு நின்றது என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.